கடையில் நின்றுபோன வாசனை

அந்தக் கொலோன் எனக்குப் பிடித்ததே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பச்சைக் கண்ணாடிப் பாட்டில், கறுப்பு மூடி, மேலே தங்க எழுத்தில் ஒரு வெளிநாட்டுப் பெயர். திறந்தால் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போல் குப்பென்று அடிக்கும். கொஞ்ச நேரத்தில் அது சலூன் வாசனையாகிவிடும். மத்தியானத்துக்கு மேல் மழையில் நனைந்த மரப்பெட்டி மாதிரி ஏதோ ஒன்று சட்டைக் காலரில் தங்கிக்கொள்ளும். அப்பா மாடவீதியின் இந்த முனையில் திரும்பினால் அந்த முனையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும் என்று வீட்டில் கிண்டல் செய்வோம். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார எனக்குக் கூச்சமாக இருக்கும். நெற்றி நிறைய விபூதி, கன்னத்தில் சீமை வாசனை. அரசாங்க அலுவலகத்தில் சாக்கடைக் குழாய் வரைபடம் போடுகிற இன்ஜினியருக்கு எதற்கு இந்த மைனர் வேஷம் என்று நினைப்பேன்.

அம்மாவின் அபிப்பிராயம் வேறு. "உங்கப்பாவுக்கு இருக்கற ஒரே கெட்ட பழக்கம் இதுதான்" என்பாள், ஏதோ பட்டம் கொடுப்பது போல. கண்ணில் பிரஷர் ஏறி, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை முழுதாகப் போன பிறகு அம்மாவுக்கு அப்பா என்றால் அந்த வாசனைதான். மந்தைவெளி ஃப்ளாட்டில் ஹால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, அவர் குளித்துவிட்டாரா, கோவிலுக்குக் கிளம்பிவிட்டாரா, பால்கனியில் பேப்பரோடு உட்கார்ந்துவிட்டாரா என்று சொல்லிவிடுவாள். ஒரு நாளும் தப்பியதில்லை.

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அதிலிருந்து தேறுவதற்குள் இன்னொன்று. பேச்சு போய்விட்டது. கைகால் அசைவதில்லை. மூக்கில் குழாய். கண் மட்டும் நம் பின்னாலேயே வரும். காது நன்றாகக் கேட்கிறது, நினைவும் இருக்கிறது, அவர் எதிரில் யோசித்துப் பேசுங்கள் என்றார் டாக்டர். பார்க்க முடியாத அம்மா, பேச முடியாத அப்பா, நடுவில் நானும் என் மனைவியும்.

தினமும் கல்லூரிக்குப் பாடம் எடுக்கக் கிளம்பும் முன் அப்பாவுக்கு நான் ஷேவ் செய்துவிடுவேன். துடைத்து, கன்னத்தில் கொலோனைத் தட்டி, சக்கர நாற்காலியில் ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு வருவேன். அம்மா முகத்தை நிமிர்த்தி ஒரு மூச்சு இழுப்பாள். "வந்தாச்சா?" என்பாள். அப்புறம் கீழ்வீட்டு மோட்டார் சண்டையிலிருந்து கறிகாய் விலை வரை எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பிப்பாள். பதில் வராதது அவளுக்குப் பெரிய குறையாக இல்லை. நன்றாக இருந்த காலத்திலும் அவர் அதிகம் பதில் சொன்னவரில்லை.

அம்மா அவர் கையைப் பிடித்துப் பார்க்கலாமே என்று கேட்கலாம். ஒரு தடவை பிடித்தாள். "இது யார் கைடா? வெறும் எலும்பா இருக்கு. நாம பிடிச்சா திருப்பிப் பிடிக்கக் காணோமே" என்று பயந்துபோய் விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு தொடவே இல்லை. எங்கள் வார்த்தையையும் அவள் நம்ப மாட்டாள். அதற்கு நாங்கள்தான் காரணம். பெங்களூரில் அவள் தம்பி காலமானபோது, அம்மாவின் உடம்பு தாங்காது என்று குடும்பமே கூடி முடிவெடுத்து, அவர் பிள்ளையோடு அமெரிக்கா போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தோம். வயதானவர்களிடம் சாவை மறைப்பது எங்கள் வீடுகளில் இரத்த அழுத்த மாத்திரை கொடுப்பது போலச் சாதாரண விஷயம். ஃபோன் போடச் சொன்னால், அங்கே ராத்திரி, தூங்குகிறார் என்போம். மாதக்கணக்கில் இப்படி ஓட்டினோம். யாரோ உறவுக்காரி துக்கம் கேட்க வந்து போட்டு உடைத்தாள். அம்மா அழவில்லை. "அவன் போனதுக்கு ஒரு ஸ்நானம்கூடப் பண்ண விடலையேடா" என்றாள். அன்றிலிருந்து எங்கள் பேச்சை, கடையில் தேங்காய் வாங்குகிற மாதிரி தட்டிப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வாள்.

பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பாண்டி பஜாரில் அப்பா வழக்கமாக வாங்குகிற கடைக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவருக்கு என் வயதிருக்கும். ஃபோனில் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது நின்னு போய் எவ்ளோ காலமாச்சு சார். இன்னாத்துக்கு இத்த தேடிக்கினு கீறீங்க? அதே கம்பெனி புச்சு ஒண்ணு விட்டுக்கீது பாருங்க" என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். பழையதைத் தீர்த்துக்கட்டிவிட்டு, அதன் இடத்துக்கு வந்ததற்குக் 'கிளாசிக்' என்று பெயர் வைத்திருந்தார்கள். என்ன திமிர்! இருந்தாலும் வாங்கினேன். மறுநாள் அதைத் தட்டி அப்பாவை ஹாலுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அவசரமாக நிமிர்ந்து, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "யார் வந்திருக்கா? உக்காரச் சொல்லேன்டா" என்றாள். அப்பாவின் கண் என் பக்கம் திரும்பியது. நான் அவரை அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு போய்ப் பன்னீரால் துடைத்துவிட்டேன்.

இன்டர்நெட்டில் தேடினேன். உலகம் முழுக்க ஆம்பிளைகள் உட்கார்ந்து இந்தக் கொலோனைப் பற்றி எழுதித் தள்ளியிருக்கிறார்கள். கிழவர் வாசனை என்று ஒருவர். இதுதான் வாசனை, இப்போது வருவதெல்லாம் சர்பத் என்று இன்னொருவர். இதில் சேர்த்திருந்த ஒரு மரப்பாசி சிலருக்குத் தோலில் ஒத்துக்கொள்ளாது என்று எங்கோ சட்டம் போட்டார்களாம், பாசியை எடுத்ததும் வாசனை செத்துவிட்டதாம், அப்புறம் சரக்கு ஓடாமல் நிறுத்திவிட்டார்களாம். இது ஒருவரின் விளக்கம். பாதிப்பேர் தங்கள் அப்பாவைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். அலமாரி நிறையப் பச்சைப் பாட்டில்களை அடுக்கிப் படம் போட்டிருந்தவருக்கு, நிலைமையைச் சொல்லி, ஒன்றே ஒன்று தர முடியுமா என்று எழுதினேன். இது சேகரிப்பு, விற்பனைக்கில்லை என்று பதில் வந்தது. அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை, ஒரு சொட்டு கொடுக்கத்தான் ஆளில்லை. அடையாறில் அத்தர் கலந்து தருகிற ஒருவர், பாட்டிலை முகர்ந்து முகர்ந்து ஏதோ கலந்து கொடுத்தார். முதல் நிமிஷம் அது அப்பா. அடுத்த நிமிஷம் கல்யாண மண்டபம்.

சிக்கனம் பிடிக்கலாம் என்று பார்த்தேன். உள்ளங்கை நிறையத் தட்டுவதை விட்டுவிட்டு, காதோரம் ஒரு தொடுகை மட்டும். அன்றைக்கு அம்மா காபியைக் கீழே வைத்துவிட்டாள். "ஏன்டா, அவருக்கு உடம்பு ரொம்ப முடியலையா? எங்கேயோ தூரத்துல இருக்கற மாதிரி இருக்கே" என்றாள். மறுநாளிலிருந்து பழையபடி தாராளமாகத் தட்டினேன். வேறென்ன செய்வது? பாட்டில் மளமளவென்று இறங்கியது.

அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு நாள் பாட்டிலைக் கையில் வாங்கிக் காதோரம் ஆட்டிப் பார்த்தாள். அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடுத்த நாள் காலையில் நான் மூடியைத் திறந்தால், உள்ளே அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாக ஏதோ இருந்தது. பாட்டில் முக்கால் நிறைந்திருந்தது. முகர்ந்தேன். காயாத துணி வாசனை வந்தது.

"கொஞ்சம் ஜலம் விட்டு வெச்சிருக்கேன்" என்று ஹாலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அதில் அப்படி ஒரு பெருமை. ஸ்பூன் காம்பால் அடைப்பானை நெம்பி, அப்பாவுக்கு மருந்து கொடுக்கிற ஊசியில்லாத சிரிஞ்சால் தடவித் தடவி ஊற்றியிருக்கிறாள். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஷாம்பூ தீர்ந்தால் ஜலம், தேன் பாட்டில் தீர்ந்தால் ஜலம், தக்காளி சாஸ் தீர்ந்தாலும் ஜலம். எங்கள் வீட்டில் எந்தப் பாட்டிலும் ஒரே தடவையில் தீர்ந்ததில்லை. "இன்னும் ஒரு மாசம் வரும் இல்லடா?" என்று கேட்டாள்.

கத்த வேண்டும் போல இருந்தது. பாட்டிலைச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. "தாராளமா வரும்மா, நல்ல வேலை பண்ணினே" என்றேன். மறுபடி பொய். எங்களுக்கு அதுதானே வரும்.

அந்த வெள்ளைத் தண்ணீரை ஒரு நாள் தட்டினேன், இரண்டு நாள் தட்டினேன். அம்மா மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். "வந்தாச்சா?" என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் நான் தோற்றுப்போய், "அம்மா, கொலோன் தீர்ந்துடுத்தும்மா. இனிமே கிடைக்காது. வேற ஒண்ணும் இல்ல, அப்பா நன்னாத்தான் இருக்கார்" என்றேன்.

"எப்படிடா தீரும்? நீதானே ஒரு மாசம் வரும்னே" என்றாள். அவள் கணக்கில் தப்பே இல்லை. பாட்டில் நிறைய இருக்கிறது, வாசனை மட்டும் வரவில்லை. அப்படியானால் தீர்ந்தது பாட்டில் இல்லை. என் மனைவி வந்து, ஜலம் விட்டதில் கெட்டுப்போய்விட்டது என்று உண்மையைச் சொன்னாள். "அப்போ அன்னிக்கு ஏன் அவன் நல்ல வேலைன்னான்?" என்று அம்மா கேட்டாள்.

அதன்பிறகு அம்மா அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். எதிரில் கொண்டுவந்து நிறுத்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்பாவின் கண் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். இப்படிச் சில நாள். ஒரு காலையில் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அம்மா குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் குங்குமம் இல்லை. கண் போன பிறகும் அதை மட்டும் அடுத்தவரை விடாமல் விரலால் தடவித் தானே இட்டுக்கொள்பவள். மறந்துவிட்டாளோ என்று என் மனைவி சிமிழோடு ஓடினாள். அம்மா அவள் கையை மெல்லத் தள்ளினாள்.

"போறும்மா. எத்தனை நாளைக்குத்தான் நீங்களும் நடிப்பேள்?"

"அம்மா, அப்பா இங்கேதான் இருக்கார். உன் எதிர்லதான் உக்காந்துண்டிருக்கார்" என்றேன்.

"சரிடா, சரி" என்றாள், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில். கையை நீட்டித் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாம நீ ஒண்டியாவே எல்லாத்தையும் பண்ணினியாடா? காரியமெல்லாம் குறையில்லாம நடந்துதா? எனக்குப் பயந்துண்டு நீ வாய்விட்டு அழக்கூட இல்லையோல்லியோ?"

இத்தனை மாதத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. இல்லைம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. என் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அவளும் அழத் தொடங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் தன்னை எப்படி எப்படி வைத்திருந்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி, செத்துப்போனவருக்கு அழுகிற மாதிரி அழுதாள். எதிரில் சக்கர நாற்காலியில் அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.