பனிக்கயிற்றின் மறுமுனை

என் வீட்டுக்காரருக்குப் பொறாமை வரக் காரணம் எதுவும் வேண்டாம், பக்கத்தில் ஓர் ஆண் நின்றால் போதும். கல்யாணமான புதிதில், தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்போது சிரித்தேன் என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்போது எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். என்னையும் ஒருவன் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று பயப்பட ஒரு மனுஷன் இருக்கிறாரே என்று கண்ணாடி முன்னால் போய் நின்று பார்த்துக்கொண்டேன். வருஷம் போகப் போக அந்தப் பெருமை தேய்ந்து, தலைவலி மட்டும் மிஞ்சியது.

இப்படிப்பட்டவர் பிழைக்க வந்த இடத்தைப் பாருங்கள். ஊர் ஊராகப் போய் ஆடுகிற பாலே நடனக் குழு. ஆடுகிறவர்கள் ஒரு பஸ்ஸில், மேடை வேலைக்காரர்கள் நாங்கள் இன்னொரு பஸ்ஸில், திரையும் விளக்கும் தரைவிரிப்பும் பின்னால் லாரியில். எங்கள் மகள் படிப்புக்காக என் தங்கை வீட்டில் இருக்கிறாள். நாங்கள் இருவரும் வருஷத்தில் பாதி நாள் சாலையில்தான். அவருக்குத் திரை கட்டுகிற வேலை. எனக்கு உடுப்பு வேலை. ஆடுகிற பையன்கள் உடம்போடு ஒட்டிய உடுப்பில் திரிவார்கள். அதைத் துவைப்பது, காயப்போடுவது, கிழிந்தால் உடம்பில் இருக்கும்போதே தைத்துவிடுவது எல்லாம் என் பொறுப்பு. நான் ஒரு பையனின் தோள்பட்டையில் தையல் போட்டுக்கொண்டிருந்தால், இவர் ஆணி தேடுகிற சாக்கில் அந்த வழியாக நாலு தடவை போவார்.

"அந்தப் பையனுக்கு நம்ம பொண்ணைவிட கொஞ்சம்தாங்க வயசு கூட" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"வயசுல என்ன இருக்கு?" என்பார்.

மற்றபடி தங்கமான மனுஷன். குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. பஸ்ஸில் எப்போதும் ஜன்னல் சீட்டை எனக்கே தருவார். ஜன்னலோரம் நான் உட்கார்ந்தால் எனக்குப் பக்கத்தில் அவரைத் தவிர வேறு யாரும் உட்கார முடியாது என்பதும் அதில் சேர்த்திதான்.

எங்கள் ஆட்டத்தின் முதல் பாதி ஒரு பனிக்காட்டில் முடியும். வெள்ளை உடுப்புப் பெண்கள் சுற்றிச் சுற்றி ஆட, மேலேயிருந்து பனி கொட்டும். பனி என்றால் பொடிப்பொடியாக வெட்டிய வெள்ளைக் காகிதம். மேடைக்கு மேலே குறுக்காக நீளமான துணித்தொட்டில் ஒன்று தொங்கும், அதில் ஒரு பக்கம் நெடுக ஓட்டைகள். தொட்டிலின் இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொரு கயிறு மேடையின் இரண்டு ஓரத்துக்கும் இறங்கி வரும். இடது ஓரத்தில் அவர், வலது ஓரத்தில் நான். இசையைக் கேட்டு இருவரும் ஒரே மாதிரி இழுத்து விட்டால் காகிதம் சீராக உதிரும். ஒரு கை முந்தினால் அந்தப் பக்கம் கொத்தாக விழும். விழுந்த இடத்தில் ஆடுகிறவளின் கால் வழுக்கும்.

இந்தப் பனிதான் என் வீட்டுக்காரரின் பெருமை. குழுவில் அவரைப் 'பனிக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். புது ஊரில் அரங்கத்துக் காவல்காரர் மாட்டினால்கூட, "இன்னிக்கு முன்வரிசையில உக்காந்து பனியைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

ஆனால் அவருடையது சீரான கை இல்லை. இது எனக்கு மட்டும் தெரியும். கதாநாயகனாக ஆடுகிறவன் நடுவில் என் பக்கம் வந்து, என் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வியர்வையைத் துடைத்துவிட்டுப் போவான். எதிர் ஓரத்திலிருந்து இவர் அதைப் பார்ப்பார். பார்த்த மாத்திரத்தில் கயிறு வெடுக்கென்று போகும். துண்டை இவரா துவைக்கிறார்? எனக்கு வருகிற ஆத்திரத்தில் கயிற்றை விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று இருக்கும். போக முடியுமா? அதனால் பனிக்காட்டு நடனம் முடிகிறவரை நான் வேறெங்கும் பார்க்கமாட்டேன், அவர் தோளையே பார்ப்பேன். தோள் ஏறினால் உதறல் வரப்போகிறது என்று அர்த்தம். அதற்குள் என் கயிற்றைத் தளர்த்தி அந்த உதறலை வாங்கிக்கொண்டு, பிறகு கொஞ்சம் கூடுதலாக இழுத்து என் பக்கத்தையும் சமன் செய்வேன். பனி அப்படித்தான் இத்தனை வருஷமும் ஓரளவு ஒழுங்காக விழுந்தது. முடியும்போது எனக்குத் தோளிலிருந்து விரல் நுனி வரை கடுக்கும். இஸ்திரி போட்டதில் வந்த வலி என்று சொல்லிவிடுவேன்.

போன சுற்றில், லாரியிலிருந்து பெட்டி இறக்கும்போது சரிவுப்பலகையில் கால் இடறி, என் வீட்டுக்காரருக்கு வலது தோள் பிசகிவிட்டது. கையைத் தொங்கல் கட்டுக்குள் போட்டு அனுப்பினார் டாக்டர். அவர் இடத்தில் கயிற்றைப் பிடிக்க ஆள் வேண்டுமே. லாரி டிரைவர் சும்மாதான் இருக்கிறார் என்று மேனேஜரம்மா அவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதிகம் பேசாத ஆள், கல்யாணம் ஆகவில்லை. என்னை 'அக்கா' என்பார்.

"அக்கான்னு கூப்பிட்டுட்டா எல்லாம் சரியாயிடுமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப எப்படித்தான் கூப்பிடணும்?"

"ஏன் கூப்பிடணும்?"

டிரைவரோடு இழுத்த முதல் நாளே என் கைக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் இசையைக் கேட்டார், இழுத்தார், விட்டார். அவ்வளவுதான். நான் அவர் தோளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. எதையும் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. நடனத்தின் பாதியில் அண்ணாந்து பார்த்தேன். நாங்கள் இத்தனை வருஷமாகக் கொட்டுகிற பனி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். அழகாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்?

அதே பனியை என் வீட்டுக்காரரும் அன்றைக்குத்தான் முன்னாலிருந்து பார்த்தார். கட்டுப் போட்ட கையோடு, விளக்குக்காரர் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடிந்து வந்தவர் முகத்தில் கடுகு போட்டால் பொரிந்திருக்கும்.

மறுநாள் காலை விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ரெண்டு பேரும் என்ன சைகை வெச்சிருக்கீங்க?"

"சைகையா?"

"சைகை இல்லாம எப்படி அவ்வளவு பொருத்தமா விழும்? நாம இத்தனை வருஷம் இழுத்தோமே, இப்படி விழுந்துச்சா? விளக்குக்காரன் வேற என் காதுகிட்ட வந்து, பனி இன்னிக்கு என்னமா இருக்குங்கறான். எனக்கு வயிறு எரியுது."

"காகிதம் புதுசுங்க. அதான்."

"எனக்கே காது குத்தாதே. அந்தக் காகிதத்தை வெட்டினதே நான்தான்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊரிலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். டிரைவர் என்னைப் பார்க்கிறாரா, நான் டிரைவரைப் பார்க்கிறேனா என்று. நாங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை, அதுதான் அவரை இன்னும் படுத்தியது. பார்த்துக்கொள்ளாமலே இத்தனை பொருத்தமா என்று அதற்கும் ஒரு நாள் சண்டை.

கட்டு பிரித்த பிறகும் தோள் பழையபடி ஆகவில்லை. பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேனேஜரம்மா எங்கள் இரண்டு பேரையும் மேடையோரம் கூப்பிட்டுப் பேசினார்.

"அடுத்த சுற்று நீளம். பஸ்ல சும்மா ஒருத்தரை உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போக முதலாளி ஒத்துக்கமாட்டார். பெட்டி தூக்க வேணாம், அண்ணன் பனிக்கயிறு இழுக்கட்டும். மத்தியானம் ஒத்திகையில பாக்கறேன். சரியா வந்தா எங்ககூட வரட்டும். இல்லேன்னா வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கட்டும், டிரைவரே இழுப்பார்."

வீடு என்றால் என் தங்கை வீடு. இவர் அங்கே உட்கார்ந்துகொண்டு, நான் இங்கே டிரைவரோடு கயிறு இழுக்க வேண்டும். வேறு யாருக்காவது என்றால் அது ஓய்வு. இவருக்கு அது நரகம். என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் இல்லாமல் ஒரு சுற்று போனால் எத்தனை அமைதியாக இருக்கும் என்று எனக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. தோன்றிய வேகத்திலேயே, தங்கை வீட்டுக் கூடத்தில் டெலிபோன் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பதும் தோன்றியது. அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

மத்தியானம் ஒத்திகை. அவர் இடது ஓரத்தில் பழைய இடத்தில் போய் நின்றார். மேனேஜரம்மா முன்வரிசையில். என் கயிற்றின் முடிச்சு இளகியிருந்ததால் டிரைவர் வந்து அதை இறுக்கிக் கொடுத்தார். இசை தொடங்கியது. இத்தனை நாள் பழக்கத்தில் நான் நேராக இழுத்துக்கொண்டு, பனியை அண்ணாந்து பார்த்தபடி இருந்துவிட்டேன். அவர் தோளைப் பார்க்கவேண்டும் என்பதே என் நினைவில் இல்லை. இடது பக்கம் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. என் பக்கம் ஏதோ பேருக்கு உதிர்ந்தது.

"நிறுத்துங்க" என்றார் மேனேஜரம்மா. "சாயங்காலம் ஆட்டத்துல ஒரே ஒரு தடவை பாக்கறேன். அப்பவும் இப்படின்னா என்னைத் தப்பா நினைக்காதீங்க."

கொட்டிய காகிதத்தைக் கூட்டி, சலித்து, மறுபடி தொட்டிலில் போடவேண்டும். ஆடுகிறவர்களின் கொண்டை ஊசிகள் அதில் கிடக்கும், சலிக்காமல் போட்டால் அவை யார் தலையிலாவது விழும். வெறும் மேடையில் நானும் அவரும் மட்டும் உட்கார்ந்து ஒரு பெரிய சல்லடையில் சலித்தோம். அவர் ஊசிகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டபடி, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"வேணும்னுதானே பண்ணே?"

நான் சல்லடையை இன்னும் வேகமாக ஆட்டினேன்.

"என் கை எப்பவும் போலத்தான் இழுத்துச்சு. எனக்குத் தெரியாதா? நீதான் மாத்திட்டே. நான் வீட்டுக்குப் போகணும், அவன் கயிறு பிடிக்கணும். அதானே?"

அவரோடு இழுத்ததில் முதல் தடவையாக நான் ஒன்றும் மாற்றாமல் இழுத்ததைத்தான் அவர் வேண்டுமென்றே செய்தது என்கிறார். இத்தனை வருஷம் வேண்டுமென்றே செய்தது அவர் கண்ணில் படவே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்குச் சல்லடையை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். 'உங்க கை ஒரு நாளும் சரியா இழுத்ததில்ல, நான்தான் சரிக்கட்டினேன்' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், டிரைவர் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அந்தப் பனிக்காரரும் அத்தோடு முடிந்துபோவார். பாரம் தூக்க முடியாத தோளோடு, அவருக்கென்று மிச்சம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். பொறாமையை அவர் தாங்கிக்கொள்வார். அதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு. இதைத் தாங்கமாட்டார்.

"ஆமா" என்றேன். "வேணும்னுதான் பண்ணேன். காலையிலேருந்து அவரைப் பத்தியே பேசி என் உயிரை எடுத்தீங்க. அந்த ஆத்திரத்துல பண்ணேன்."

அவர் சலிப்பதை நிறுத்தினார். முகத்தில் எரிச்சலும் நிம்மதியும் சேர்ந்து வந்ததை நான் பார்த்தேன்.

"அப்ப என் கை சரியாத்தான் இருக்கு."

"உங்க கைக்கு என்ன?"

"அதானே பாத்தேன்" என்றார். இன்னொரு ஊசியைப் பொறுக்கி டப்பாவில் போட்டுவிட்டு, "அவன் எதுக்கு உன் முடிச்சைத் தொடணும்?" என்றார்.

சாயங்காலம் நான் அண்ணாந்து பார்க்கவில்லை. அவர் தோளை மட்டும் பார்த்தேன். பிசகின தோள் அல்லவா, முன்பிருந்த ஒழுங்கும் அதில் இல்லை. எப்போது ஏறும், எப்போது தொய்யும் என்று பிடிபடவில்லை. உதறல் வரும்போதெல்லாம் வாங்கினேன், அவர் கை ஓய்ந்தபோதெல்லாம் என் பக்கத்தை அடக்கினேன். பாதியில் கதாநாயகன் வந்து துண்டை எடுத்தான். அந்த உதறலில் கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. விடவில்லை. திரை விழுந்ததும் கைதட்டல் கேட்டது. மேனேஜரம்மா மேடையைக் கடந்து போகும்போது இவரிடம், "அண்ணே, அடுத்த ஊருக்குக் கிளம்புங்க" என்றார். மனுஷன் முகத்தைப் பார்க்கவேண்டுமே. வெள்ளைக் காகிதம் தலை முழுக்க ஒட்டிக்கொண்டிருக்க, எனக்குக் கை காட்டினார்.

டிரைவர் என் பின்னால், பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நடனம் முழுக்க அங்கேயே நின்றிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. ஒரு பெட்டியைக் குனிந்து தூக்கிக்கொண்டு என் பக்கமாக வந்தவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அக்கா, ரெண்டு கயிறையும் நீங்கதான் இழுக்கறீங்க."

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கையை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

எதிர் ஓரத்திலிருந்து என் வீட்டுக்காரர் காகிதத்தை மிதித்துக்கொண்டு வேகமாக வந்தார். காட்டின கை அப்படியே இறங்கியிருந்தது.

"என்ன சொல்லிட்டுப் போறான்?"

"சீக்கிரம் பெட்டி ஏத்தணுமாம்" என்றேன்.

ஓர் ஆண் என்னிடம் சொன்னதை அவரிடம் நான் மறைத்தது அதுதான் முதல் தடவை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நம்பவில்லை. எத்தனையோ தடவை நம்பாமல் இருந்திருக்கிறார், அன்றைக்குத்தான் அவர் நம்பாதது சரியாக இருந்தது.