குழி சொன்ன வாய்

ரயில்வே யார்டு பாஷை சின்னவளோடு வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. பெட்டிகள் இல்லாமல் வரும் இன்ஜினுக்கு அங்கே ‘தனிக்கட்டை’ என்று பெயர். அக்காவை விட்டுவிட்டு அத்தான் மட்டும் வந்தால், “தனிக்கட்டை வருது, வழி விடுங்க” என்பாள். பழுதான பெட்டி ‘நோயாளி’. அம்மாவின் தையல் மெஷினும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தது.

விளையாட்டுக்குக்கூட வீட்டில் அவள் சொல்லாத சொற்கள் இரண்டு. பெட்டிகளை இணைப்பவர் இரு பெட்டிகளுக்கு நடுவே இறங்குமுன் வாக்கிடாக்கியில் ‘குழி’ என்பார். வெளியே வந்ததும் ‘கரை’ என்பார். குழி சொன்ன வாயேதான் கரையும் சொல்ல வேண்டும். அதுவரை இன்ஜின் அசையக் கூடாது.

சின்னவள் பெட்டிகளைச் சேர்த்துப் பிரிக்கும் ஷண்டிங் இன்ஜின் ஓட்ட வந்து ஓராண்டு முடியப்போகிற சமயம். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை.

அன்று காலை, வண்டியின் வால்பக்கம் பெட்டியை இணைக்க நின்ற கொக்கி அண்ணன் குழி சொன்னார். கரை வரவில்லை. அவள் கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. பிளாட்பாரத்தில் பயணிகள் முணுமுணுத்தார்கள். யார்டு மாஸ்டர் மூச்சிரைக்க வந்தார்.

“அவர் அப்பவே மேல வந்துட்டாரும்மா. நானே பார்த்தேன். வண்டிய எடு.”

“அவரே சொல்லட்டும் சார்.”

“நான் சொல்றது காதுல விழலையா?”

“விழுது சார். அவர் குரல்தான் விழலை.”

பிரேக்கிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. வாக்கிடாக்கியை அணைத்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்த அண்ணனைத் தேடிப் பிடிப்பதற்குள் வண்டி அரை மணி தாமதம்.

மறுநாள் விசாரணை. யார்டு மாஸ்டர் வராந்தாவிலேயே அண்ணனின் தோளில் கைபோட்டார். “கரை சொன்னேன், அந்தப் பொண்ணுக்குத்தான் கேக்கலைன்னு சொல்லிடு. உனக்கு ஏற்கெனவே ஒரு கரும்புள்ளி இருக்கு. சின்னப் பொண்ணு, வேற வேலை தேடிக்கும்.”

அவர் தாழ்ந்த குரலில்தான் பேசினார். ஆனாலும் பெஞ்சில் இருந்த சின்னவளுக்கு ஒரு வார்த்தை தப்பாமல் கேட்டது.

உள்ளே அதிகாரி நேராகவே கேட்டார். “கரை சொன்னீங்களா, இல்லையா?”

கொக்கி அண்ணன் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

“சொல்லலை சார். டீ நினைப்புல மறந்துட்டேன். அந்தப் பொண்ணு மேல தப்பே இல்லை.”

அவருக்கு வரவிருந்த பதவி உயர்வு நின்றுபோனது. சின்னவளுக்கு வேலை நிரந்தரமானது.

படியிறங்கும்போது அவள் அவரை நிறுத்தினாள். “எனக்காகப் போய் நீங்க...”

“உனக்காகன்னு யாரு சொன்னா தங்கச்சி? நாளைக்கும் நான்தானே குழியில இறங்கணும்? மேல இன்ஜின்ல நீ இருந்தாத்தான் எனக்குக் காலு நடுங்காது.”