நான் பூக்கூடை என்று சொன்னது

அறுபதுகளின் நடுவில், நெய்வேலி நகரியத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் டீச்சராகச் சேர்ந்த புதிது. டெம்பரரி வேலைதான். மதுரையில் நெருக்கடியான ஒரு தெருவில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆடு மாடு எதிரே வந்தால் ஒதுங்கி நின்றதோடு சரி. இன்னொரு டீச்சரின் குவார்ட்டர்ஸில் அவரோடு தங்கியிருந்தேன். எல்லா வீடும் ஒரே அச்சு. முதல் வாரத்தில் இரண்டு தடவை அடுத்த வீட்டுக்குள் நுழைந்து, "யாரு வேணும்?" என்று கேட்கவைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் திருநெல்வேலித் தமிழ், அந்தப் பக்கம் கோயம்புத்தூர்த் தமிழ், சங்கு ஊதினால் சைக்கிள் சைக்கிளாக ஷிப்டுக்குப் போகிற கூட்டம். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசுக்கு இதமாக இருக்கிறது.

எல்லா ஜில்லாக்காரர்களும் ஒரே ஊரில் இருக்கிறோமே, ஆளுக்கொரு கைவினைப் பொருள் கொடுத்தால் ஒரு காட்சிக்கூடமே வைத்துவிடலாமே என்று எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளிக்கூடத்தில் காலியாகக் கிடந்த அறையைக் கொடுத்தார்கள். பத்தமடைப் பாய் வந்தது, செட்டிநாட்டு ஓலைக் கொட்டான் வந்தது, பண்ருட்டி மண்பொம்மைகள் வந்தன. சுரங்கத்துக்காகக் காலி செய்த கிராமங்களில் கிடந்தவை என்று யாரோ ஒரு சாக்கு நிறையச் சாமான்களும் கொண்டுவந்து போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் இருபது பேர், முப்பது பேர் வருவார்கள். கையில் ஒரு குச்சியோடு அவர்களைச் சுற்றிக் கூட்டிப்போய் ஒவ்வொன்றையும் பற்றிப் பேசுவது என் வேலை. எனக்குக் குரல் நன்றாக இருக்கும். தெரியாததையும் தெரிந்த மாதிரியே பேசவும் வரும்.

அந்தச் சாக்கில் ஒரு கூடை இருந்தது. நாரால் வலை மாதிரிப் பின்னி, இரண்டு பக்கமும் கயிறு வைத்த குட்டிக் கூடை. அவ்வளவு அழகு. உள்ளே ஒரு சின்ன மண்சட்டியை வைத்து, மணி பிளான்ட் நட்டு, ஜன்னல் ஓரம் தொங்கவிட்டேன். கிராமத்துப் பெண்கள் வாசலில் பூச்செடி வளர்க்கப் பின்னிய கூடை என்று நானே ஒரு சரித்திரமும் கட்டினேன். சங்கத் தலைவி ஒரு பெரிய அதிகாரியின் மனைவி. கூடையைப் பார்த்ததுமே சொக்கிப்போனார். என் வகுப்புப் பிள்ளைகளை வைத்து அதே மாதிரி பின்னித்தரச் சொன்னார். கொஞ்ச நாளில் ஆபீசர்கள் வீட்டு வராந்தாக்களில் எல்லாம் அது தொங்க ஆரம்பித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தச் சமயத்தில், மதராஸிலிருந்து முக்கியமான சிலர் கூடத்தைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. நான்தான் சுற்றிக்காட்டிப் பேச வேண்டும். வருகிறவர்களுக்கு அந்தக் கூடைதான் நினைவுப் பரிசு. நல்லபடியாக முடிந்தால் என்னைப் பர்மனென்ட் ஆக்கச் சொல்வதாகத் தலைவி வாக்குக் கொடுத்தார். பர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். சித்தப்பா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்த அம்மாவையும் தங்கையையும் அழைத்துவந்துவிடலாம். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கான்ட்ராக்ட் வேலை செய்கிற குடும்பங்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். எல்லாம் சுற்றுவட்டாரத்துக்காரர்கள். கூடைக்கு முன்னால் நின்று நான் ஆரம்பித்ததும் கிளுகிளுவென்று சிரிப்பு. ஒருத்தி, இடுப்பில் குழந்தை, என் வயதுதான் இருக்கும், முந்தானையால் வாயைப் பொத்தியும் அடக்க முடியாமல் குலுங்கினாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று எல்லோர் எதிரிலும் அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றுபோயிற்று. அவள் தலையைக் குனிந்துகொண்டு கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் போனாள்.

விருந்தினர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், பள்ளிக்கூட வாசலில் பூந்தொட்டி அடுக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஆட்களில் அவளும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். அது மாட்டு வாயில கட்டுற கூடைங்க. மல்லாட்டைக் கொல்லையில ஏரு ஓட்டறப்ப செடியக் கடிக்காம இருக்கப் போடறது. நாளைக்கு வரவங்கள்ல யாருக்குனா தெரிஞ்சிருந்தா உங்களுக்குத்தான அசிங்கம்."

மல்லாட்டை என்றால் அந்தப் பக்கத்தில் நிலக்கடலை. எனக்கு முகம் செத்துவிட்டது. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க அவ்ளோ அழகா பேசிகினு இருந்தீங்க. நடுவுல சொல்ல மனசு வரலிங்க."

கழுதை என்று நான் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

நேரே தலைவி வீட்டுக்கு ஓடினேன். வராந்தாவில் அந்தக் கூடைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அண்ணாந்து பார்த்தார். "இத்தனை வீட்டுல மாட்டியாச்சு. இப்போ போய்ச் சொன்னா ஊரே சிரிக்கும். அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் அது பூக்கூடையாவே இருக்கட்டும்மா" என்றார். அந்த வராந்தாக்களைத் தாண்டி தினமும் வேலைக்குப் போகிற ஜனங்கள் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. பர்மனென்ட் கண்ணுக்கு முன்னால் நின்றது.

மறுநாள் விருந்தினர்கள் வந்தார்கள். பாய், பொம்மை, கொட்டான் எல்லாம் முடிந்து கூடைக்கு வந்தோம். குச்சியைத் தூக்கியபோது ஜன்னலுக்கு வெளியே அவள் நின்றிருந்தாள், கையில் தண்ணீர்க் குடத்தோடு. நேருக்கு நேர் பார்த்துவிட்டோம். எனக்கு நாக்கு எழவில்லை. தலைவி தொண்டையைச் செருமினார். அவளுக்கு என் நிலைமை புரிந்திருக்க வேண்டும். மெதுவாகத் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். கோபத்தில் இல்லை. தான் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பேச வராது என்றுதான்.

அவள் திரும்பியதும் எனக்கு நன்றாகவே பேச வந்தது. பூச்செடி, வாசல், கிராமத்துப் பெண்களின் கலையுணர்வு, எல்லாம் மணிமணியாக வந்து விழுந்தன. பலமாகக் கைதட்டினார்கள். ஆளுக்கொரு கூடையைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு மதராஸுக்குக் காரில் ஏறினார்கள். நான் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றிருந்தேன்.

காபி டம்ளர்களை எடுக்க அவள் உள்ளே வந்தாள். போகிற போக்கில், "நல்லா பேசுனீங்க டீச்சர்" என்றாள். அதில் துளியாவது கேலி இருக்காதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பர்மனென்ட் ஆர்டர் வந்தது. அம்மாவும் தங்கையும் வந்து சேர்ந்தார்கள். அதற்கப்புறம்தான், அதற்கு முன்னால் இல்லை, மணி பிளான்டை எடுத்துவிட்டு, அது மாட்டு வாய்க்கூடை என்று சொல்ல ஆரம்பித்தேன். மல்லாட்டைக் கொல்லை, ஏர், செடி என்று அவள் சொன்னதைத்தான் அப்படியே சொன்னேன். தலைவி என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். வராந்தாக் கூடைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மன்னிப்புக் கேட்க நான் தேடியபோது, அந்தக் கான்ட்ராக்ட் முடிந்து அவள் வேறு எங்கோ வேலைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ மேடைகளில் பேசிவிட்டேன். இன்றைக்கும் யாராவது வந்து நன்றாகப் பேசினீர்கள் என்று சொன்னால் எனக்கு உடனே சந்தோஷம் வருவதில்லை. யாரையாவது முதுகைக் காட்டி நிற்க வைத்துவிட்டேனா என்றுதான் மனசு ஜன்னல் பக்கம் பார்க்கிறது.