காய்ச்சலின் ஒழுங்கு

மலேரியாவுக்கு இரத்தம் பரிசோதிக்கிறவளுடைய வேலை, ஒரே மாதிரி இருப்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்து, மாதிரி மாறுகிற ஒன்றைப் பிடிப்பது. எண்பதுகளில் இலங்கையின் மாத்தளையில் அந்த வேலை பார்த்தேன். கண் வலிக்க ஒன்றையே பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என் பாடு புரியும்.

எல்லாமே மோதிரம்

கிருமி இருந்தால் சிவப்பணுவுக்குள் சின்ன மோதிரம் மாதிரி தெரியும் என்று சொல்லித் தந்திருந்தார்கள். சேர்ந்த புதிதில் நுணுக்குக்காட்டியில் எங்கு பார்த்தாலும் எனக்கு மோதிரம்தான். ஒரு காலையில் மட்டும் ஏழு பேருக்கு மலேரியா என்று எழுதினேன். என்னோடு அதே நாளில் வேலைக்குச் சேர்ந்த பவானி இரத்தம் தடவிய ஏழு கண்ணாடித் துண்டுகளையும் வாங்கிப் பார்த்தாள். ஐந்தில் இருந்தது, இரத்தத்துக்கு ஊற்றுகிற சாயத்தின் தூசி. அந்த ஐந்து பேரும் அதற்குள் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போயிருந்தார்கள். பவானி சிரிக்கவில்லை. "நீ இருக்கான்னு பார்க்கல, இருக்கணும்னு பார்த்திருக்க" என்றாள்.

லக்கலயில் ஓர் ஓடை

லக்கலப் பக்கம் ஒரு கிராமத்தில், காய்ச்சல் கண்ட வீடுகளை வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாக வைத்தோம். புள்ளிகள் ஓடையோரமாக வரிசையாய் விழுந்தன. காரணம் ஓடைதான் என்று அறிக்கையை எழுதத் தொடங்கிவிட்டேன். ஆனால் ஓடையை ஒட்டியே இருந்த ஒரு வீட்டில் மட்டும் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அங்கே குரக்கன் தானியம் புடைத்துக்கொண்டிருந்த சோமாவதியிடம் விசாரித்தேன். பட்டியலை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன், அத்தனையும் ஆண்கள் பெயர். அவள் சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னாள்: "இவங்க எல்லாரும் யானை வராமக் காவலுக்கு, ராத்திரியில காட்டுக்குள்ள சேனைப் பயிர்ல படுக்கிறவங்க. எங்க வீட்டுல ஆம்பளை இல்ல, மிஸ்."

பெயர்

அங்கிருந்து திரும்பும் வழியில் சோதனைச் சாவடி. அடையாள அட்டைகளைப் பார்த்த சிப்பாய், பஸ்ஸில் என்னை மட்டும் இறங்கச் சொன்னான். என் பெட்டியைத் திறந்தவன், கண்ணாடித் துண்டுகளில் இரத்தத்தைக் கண்டதும் துப்பாக்கியைச் சரிசெய்து பிடித்துக்கொண்டான். யாருடைய இரத்தம் என்று கேட்டான். ஒட்டியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். எல்லாம் அவனுடைய ஊர்ப் பெயர்கள் மாதிரி சிங்களப் பெயர்கள்தான்; என் அட்டையில் இருந்ததுதான் தமிழ்ப் பெயர். அட்டையைத் திருப்பித் தந்தபோது, ஏன் என்னை மட்டும் இறக்கினாய் என்று சிங்களத்தில் கேட்டேவிட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "பேர வச்சுத்தான் இறக்கச் சொல்லியிருக்காங்க. வேற எத வச்சுப் பார்க்கிறதுன்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தரல."

பள்ளிக்குப் போகாத நாட்கள்

யட்டவத்தையிலிருந்து ஐனா உம்மா தன் பத்து வயது மகள் பஸ்லாவைக் கூட்டி வந்தார். பிள்ளை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பள்ளிக்குப் போவதில்லை. கணக்குக்குப் பயந்து பொய் சொல்கிறாள் என்று டீச்சர் அடித்திருந்தார். மருந்து எடுக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாட்களிலெல்லாம் உடம்பு சுடவில்லை, அங்கேயும் நம்பவில்லை. உம்மா கலண்டரைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். காய்ச்சல் நாட்களுக்குப் பென்சிலால் வட்டம். "பொய் சொல்ற புள்ளன்னா ஒரு நாளாச்சும் பிசகும்தானே, மிஸ்? இது பிசகவே இல்ல."

இரத்தம் எடுத்தேன். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவது மலேரியாவின் வழக்கம்; கலண்டரை நினைத்துக்கொண்டு ஓரம் ஓரமாகத் திரும்பத் தேடினேன். இருந்தது. பவானியும் பார்த்து ஆமாம் என்றாள். மாத்திரையைக் கொடுத்துவிட்டு, டீச்சருக்குக் காட்டத் துண்டு எழுத உட்கார்ந்தபோது, பஸ்லா மேசையருகே வந்தாள்.

"மிஸ், மலேரியான்னு எழுதாம, பொய் இல்லன்னு எழுதித் தாங்க."

அத்தனை வருடத்தில் நான் எழுதிய முடிவுகளில், இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்க்கத் தேவைப்படாதது அந்த ஒரு வரிதான்.