கொளுத்தாத இரண்டு ஏக்கர்

முன்வயல் கரும்புச் சோகையைக் கலியமூர்த்தி விடிவதற்குள் கொளுத்தி முடித்துவிட்டார். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றி அனுப்பி நான்கு நாள் ஆகிறது. வெட்டின நிலத்தில் காய்ந்த தோகை முழங்கால் உயரம் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. மகளைப் பெண் பார்க்க வந்தபோது மாட்டுக் கொட்டகைக்கே சுண்ணாம்பு அடித்த மனிதர். இன்று கடலூரிலிருந்து பேங்க் அதிகாரி வேறு வருகிறார்.

"கொளுத்தாதீங்கன்னு தலபாடா அடிச்சிகிட்டேன்" என்றாள் மனைவி ரத்தினம்மாள்.

"குப்பையப் பாத்துட்டா கடன் குடுப்பாங்க? போடி."

பின்வயலில் நெருப்பு பிடிக்கவில்லை. முந்தின சாயந்திரம் ரத்தினம்மாள் மோட்டார் போட்டுத் தண்ணீர் விட்டிருந்தாள். தீப்பெட்டி காலியானதுதான் மிச்சம்.

சோகையைத் தூளாக்கி மண்ணிலேயே போடும் மிஷின் ஒன்று வாங்கி, சுற்றுப்பட்டில் வாடகைக்கு விட வேண்டும் என்பது அவருடைய மூன்று வருஷத்து ஆசை. ஜாமீன் போதாதென்று மனு இரண்டு முறை திரும்பி வந்தது. இந்த வருஷம் பேங்க்கே கூப்பிட்டது, வட்டியும் கம்மி. மிஷின் வருகிறவரை கொளுத்துவதில் என்ன தப்பு என்று நினைத்துவிட்டார்.

அதிகாரி கயல்விழி வண்டியை நிறுத்தியதும் கரிந்த நிலத்தைத்தான் பார்த்தாள்.

"யாருங்கய்யா கொளுத்துனது?"

"நான்தாம்மா. நீங்க வரீங்கன்னு சுத்தம் பண்ணி வெச்சேன்."

"அய்யோ! பொகைய கொறைக்கணும்னு அரசாங்கம் எங்களுக்கு இலக்கு வெச்சிருக்கு. கொளுத்தாதவங்களுக்குக் குடுக்கத்தான் இந்தக் கடனே. ரெண்டு ஏக்கராவது சோகையோட நான் போட்டோ எடுக்கணும்."

கலியமூர்த்தி காலித் தீப்பெட்டியை மடிக்குள் தள்ளினார்.

"பின்னால ரெண்டு ஏக்கர் அப்படியே கெடக்குதும்மா, வாங்க" என்று ரத்தினம்மாள் முன்னால் நடந்தாள்.

ஈரச் சோகையை நான்கு பக்கமும் போட்டோ எடுத்தாள் கயல்விழி. வீட்டுக்கு வந்து டீ குடித்தபடியே படிவத்தில் கையெழுத்து வாங்கினாள்.

"இது போதும், நான் எழுதி அனுப்பிடறேன். இனிமே தீப்பெட்டியத் தொடாதீங்க."

"பீடிக்குக் கூடவா?"

"அதையும் விட்டா நல்லதுதான்."

வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகு கலியமூர்த்தி திண்ணையில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரத்தினம், நேத்து நீ தெரிஞ்சேதான் தண்ணி வுட்டியா?"

ரத்தினம்மாள் டீ டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள்.