இடது கைக்கு அடித்த கத்தி

சண்டைக்கென்று அடிக்கிற கத்தியில் முதலில் முடிவாக வேண்டியது நீளமும் அல்ல, எடையும் அல்ல. கை. எந்தக் கை பிடிக்கப்போகிறது என்று தெரிந்தால்தான் எந்தப் பக்கத்தைத் தட்டையாக விடுவது, எந்தப் பக்கத்தைச் சரித்து இழைப்பது என்று கொல்லனால் சொல்ல முடியும். பக்கம் மாறிப்போனால் வெட்டு நினைத்த இடத்தில் விழாது, கத்தி தன் இஷ்டத்துக்கு ஒதுங்கும். பனாய் தீவில் பட்டறை வைத்திருக்கிற எவனுக்கும் இது தெரியும். மெலேசியோவுக்கும் தெரியும்.

கரும்பு வெட்டும் கத்தியும் தேங்காய்க் கத்தியுமாக அடித்தே காலம் தள்ளியவன் அவன். சண்டைக்கத்தி கேட்டு வருகிறவர்களைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிவிடுவான். "மொதல்ல என் தம்பிக்கு. அப்புறந்தான் மத்தவனுக்கு" என்பான். தம்பி ரெனாந்தே கம்புச் சண்டையில் பேர் எடுத்தவன். இடங்கைக்காரன். அம்மா, அப்பா போனபிறகு மெலேசியோ சோறு பொங்கிப் போட்டு வளர்த்த பிள்ளை. கலியாணம் முடிந்த கையோடு சரக்குக் கப்பலில் வேலை என்று போனவன், வருஷத்துக்கு ஒருமுறை விருந்தாளி மாதிரி வந்து போனான்.

போன தடவை கிளம்பும்போது அவனே வாய்விட்டுச் சொன்னான். அண்ணனை அந்தத் தீவில் மனோங் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மனோங், அடுத்த சான் இசிட்ரோ திருவிழா ஊர்வலத்துல உன் கத்திய இடுப்புல கட்டிக்கிட்டு நடக்கணும். அப்படி நடந்துட்டேன்னா கப்பலுக்கு முழுக்குப் போட்டுட்டு உன் பக்கத்துலயே வீடு கட்டிருவேன். அப்புறம் என்னைத் தொரத்தினாலும் போகமாட்டேன்."

"தொரத்தாம இருப்பேனா? உன் வாய ஒருநாள்கூடத் தாங்க முடியாது" என்றான் மெலேசியோ. ஆனால் அன்றைக்கே பலாப்பலகை தேட ஆரம்பித்துவிட்டான்.

பலகையில் கரிக்கட்டியால் கத்தியை வரைந்து, செதுக்கி, மரக்கத்தியாகவே வீசிப் பார்த்தான். தம்பி குள்ளம். நீளமான கத்தி அவன் காலிலேயே இடிக்கும் என்று ஒரு விரற்கடை குறைத்தான். தம்பி தோளைச் சுழற்றி வெட்டுகிறவன் அல்ல, மணிக்கட்டால் வெட்டுகிறவன். அதனால் கத்தியின் வயிற்றை முனைப்பக்கம் தள்ளிவைத்துக் கனத்தை அங்கே ஏற்றினான். ஈரக்கை வழுக்காமலிருக்கப் பிடியின் அடியில் ஒரு கொக்கி வளைவு. பிடிக்கு எருமைக்கொம்பு. அதன் நுனியில் வழக்கமாக ஏதாவது மிருகத்தின் தலை இருக்கும்.

"என் மூஞ்சிய மட்டும் வச்சிராத. எதிராளி சிரிச்சே ஜெயிச்சிருவான்" என்று தம்பி முன்பே எச்சரித்திருந்தான். மெலேசியோ ஒரு சேவலின் தலையை வைத்தான்.

பிடிக்கு அளவெடுக்கத் தம்பி ஊரில் இல்லை. ஆனால் அவன் சிறுவயதிலிருந்து பிடித்துப் பழகிய பிரம்பு பரணில் கிடந்தது. இடது கை விரல்கள் அழுத்தி அழுத்தி அதில் பள்ளங்கள் விழுந்திருந்தன. சுண்டுவிரல் பள்ளம்தான் எல்லாவற்றிலும் ஆழம். மெலேசியோ அந்தப் பள்ளங்களை மெழுகில் ஒற்றியெடுத்து, அப்படியே கொம்பில் இறக்கினான்.

இரும்பு இன்னும் உலைக்குப் போகாத சமயம் கப்பலிலிருந்து தம்பி கூப்பிட்டான். மெலேசியோவின் கையெல்லாம் கரி. போனை ஸ்பீக்கரில் போட்டு, இரும்படிக்கிற பட்டடைமேல் வைத்தான். தேங்காய்க் கத்தியைத் தீட்டவந்த ஜீப் டிரைவர் நார்சிங் எதிரே குந்தியிருந்தான். கம்புச் சண்டையில் எதிர்க்கோஷ்டிக்காரன்.

"மனோங், ஒரு விஷயம். கத்திய வலது கைக்கு அடி."

"எதுக்குடா? கப்பல்ல உன் கைய மாத்திப் பூட்டிட்டாங்களா?"

மறுமுனையில் சிரிப்பு வர ஒரு நொடி தாமதமானது. "ஆமான்னு வச்சுக்கோ. வலது கைக்கு. மறந்துறாத."

அந்தப் பக்கத்துச் சண்டைக்காரர்கள் கை விஷயத்தில் வாயால் உண்மை பேசுவதில்லை. பட்டறையில் பேசியது பொழுது சாய்வதற்குள் சேவல்கட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் மாற்றித்தான் சொல்வார்கள். கொல்லன் தலையாட்டிவிட்டுச் சரியான கைக்கு அடித்துக்கொடுப்பான். மெலேசியோ நார்சிங்கைக் கடைக்கண்ணால் பார்த்தான்.

"சரிடா. வலது கைக்கே அடிச்சிருவோம்" என்றான் உரக்க.

"வலது கையா? உன் தம்பி ரெண்டு கையும் பழகிட்டானா?" என்றான் நார்சிங்.

"போய் உங்க ஆளுங்ககிட்டச் சொல்லு, தூக்கம் வரட்டும்."

நார்சிங் போனபின் மெலேசியோவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கடல் தாண்டியிருந்தே எதிராளி வயிற்றில் புளியைக் கரைக்கிறானே பயல். மனைவி ஒதிலியாதான் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"அவன் ரெண்டுவாட்டி சொன்ன மாதிரி இருந்துச்சே. தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருங்க."

"அவன் கை எனக்குத் தெரியாதா? நீ மீனப் பாரு, கருகுது."

பெரிய வெள்ளிக்கிழமை அன்று தோய்த்த கத்திக்கு உறுதி அதிகம் என்பார்கள். பழைய ஜீப்பின் வில்பட்டையை அடித்து நீட்டி, அன்றைக்குத்தான் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் இறக்கினான். ஒரு கீறல் விழவில்லை. பிறகு இடங்கைக்கு ஏற்றபடி ஒரு பக்கத்தைத் தட்டையாக விட்டு, மறுபக்கத்தை இழைத்தான்.

திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் ரெனாந்தே வந்தான். புது ஜாக்கெட். இடது கையை அதன் பைக்குள் விட்டபடியே ஒற்றைக் கையால் அண்ணனைக் கட்டிக்கொண்டான். பெரிய மனுஷத் தோரணை வந்துவிட்டது என்று மெலேசியோ நினைத்துக்கொண்டான். சாப்பிடக்கூட விடாமல் சாக்கில் சுற்றிய கத்தியை எடுத்துவந்து நீட்டினான்.

ரெனாந்தே வலது கையால் பிரித்தான். கத்தியைத் திருப்பித் தட்டைப் பக்கத்தைப் பார்த்தான். அப்புறம் பிடியைப் பார்த்தான். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"நார்சிங் முன்னாடி எப்படி நடிச்சேன் பாத்தியா? அவனுங்க எல்லாம் இப்ப வலது கைக்குத் தயாராகிட்டு இருக்கானுங்க" என்றான் மெலேசியோ.

ரெனாந்தே இடது கையை வெளியே எடுத்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருந்தன. மற்ற மூன்றும் இல்லை.

"கப்பலக் கட்டுற கயிறு இழுத்துக்கிச்சு மனோங்."

ஒதிலியா வாயைப் பொத்திக்கொண்டாள். மெலேசியோ பட்டடையைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லியிருக்கலாமேடா."

"வலது கைக்குன்னு சொன்னப்ப உனக்குப் புரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். மேல பேசினா அழுதுருவேன்னு போன வச்சிட்டேன்."

"புரிஞ்சிருச்சுன்னுதாண்டா நானும் நெனச்சேன்."

இழைப்பைப் பக்கம் மாற்றப் பார்க்கலாம் என்று மெலேசியோ உளறினான். மறுபக்கத்தையும் தேய்த்தால் இரும்பு மெலிந்து தகடாகிவிடும், அது அவனுக்கே தெரியும். "விடியறதுக்குள்ள வேற ஒண்ணு அடிச்சிர்றேன். உலையப் பத்தவைக்கிறேன்" என்று துருத்தியை நோக்கிப் போனான். தம்பி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"வேண்டாம். கப்பல்ல ஆள் பாக்காத நேரமாப் பாத்து வலது கையப் பழக்கினேன். மனோங் அடிச்ச கத்தி வந்துருச்சுன்னா இந்தக் கையும் என் கைதான்னு நம்பிருவேன்னு இருந்தேன். இப்ப இதப் பாத்தா…" கத்தியை அண்ணன் கையில் வைத்தான். "இதுல இருக்கிறவன் போயிட்டான் மனோங்."

மறுநாள் புனிதரின் சுரூபம் பட்டறை வாசலைக் கடந்தபோது அதன் முன்னால் சண்டைக்காரர்கள் அவரவர் கத்தியோடு நடந்தார்கள். ரெனாந்தே பட்டறைக்குள் கரிமூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். கொட்டுச் சத்தம் தெருமுனை திரும்புகிறவரை அவன் நிமிரவில்லை. அந்த வாரமே பக்கத்துத் தீவில் மனைவியின் ஊரான பக்கோலோதுக்குக் கப்பலேறிவிட்டான். அங்கே மாமனாருக்கு அரிசிக்கடை. கத்தியைக் கொண்டுபோ என்று அண்ணனும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

பக்கத்து மனையைத் தம்பிக்கென்று சொல்லி வைத்திருந்தார்கள். அதில் இப்போது ஒதிலியா மரவள்ளி போட்டிருக்கிறாள். சண்டைக்கத்தி கேட்டு வருகிறவர்களை மெலேசியோ இன்னமும் பக்கத்து ஊருக்கே அனுப்புகிறான். "மொதல்ல தம்பிக்குன்னியே, குடுத்தாச்சா?" என்று நார்சிங் ஒருமுறை வாய்க்கொழுப்பாகக் கேட்டான். மெலேசியோ அவன் கத்தியைத் தீட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

மழைக்காலத்தில் இரும்பு துருப்பிடிக்கும் என்று சாக்கைப் பிரித்துத் தேங்காய் எண்ணெய் தடவுவான். பிடிக்கும் தடவுவான். கொம்புக்கு எண்ணெய் தேவையில்லை. இருந்தாலும் கட்டைவிரலை வைத்து நடுவிரல் பள்ளம், மோதிரவிரல் பள்ளம் என்று ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வருவான். சுண்டுவிரல் பள்ளத்தில் வந்ததும் கை நின்றுவிடும்.