இரண்டாவது கோல்கீப்பர்

வண்டிப்பெரியாரில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர் எர்ணாகுளம் வரை நிலைகொள்ளவே இல்லை. நெடிய ஆள், கோணிப்போன விரல்கள். எழுந்து நிற்பார், கம்பியைப் பிடிப்பார், மறுபடி உட்காருவார். மாலத்தீவில் ஒரு கால்பந்து கிளப்புக்கு இரண்டாவது கோல்கீப்பர் என்றார். வருடக்கணக்காகப் பெஞ்சில்தான் இருக்கிறாராம்.

"லீவு முடிஞ்சிருச்சா தம்பி?" என்றேன்.

"இல்லண்ணே. மொத கீப்பருக்குக் கை ஒடிஞ்சுபோச்சு. நாளைக்கு நான் எறங்கணும்னு கூப்பிட்டிருக்காங்க."

"நல்ல சேதிதானே?"

"அவனும் நானும் ஒரே ரூம்புண்ணே. எனக்குச் சோறு பொங்கிப் போடுறவன். போன் வந்ததும் சிரிச்சிட்டேன். எங்கம்மா பாத்துருச்சு."

எழுந்து மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் அந்த ஆட்டத்தைப் போனில் தேடினேன். ஜெயித்திருந்தார்கள், அவர் ஒரு கோல்கூட விடவில்லை. அறைக்குத் திரும்பியதும் அந்த நண்பனிடம் என்ன சொல்லியிருப்பார்?